கண்மாய் எதுவரை? வாசகர் கேள்விகளுக்கு ஒரு சர்வேயரின் பதில்கள்

(மதுரை, சிவகங்கை மாவட்டங்களில் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஊர் நிலம், நீர்நிலைகள், பொது வரைபடங்கள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: ஐயா, எங்கள் கண்மாயின் உள்வாய்ப் பக்கம் (தண்ணீர் தேங்கும் உட்பகுதி) ஒருவர் லாரி லாரியாக மண் அடித்து மேடாக்குகிறார். கேட்டால், "இது பட்டா இடம். கூகுள் மேப்பைப் பாருங்கள், இங்கே தண்ணியே கிடையாது" என்கிறார். கண்மாய் எதுவரை என்பதை நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?
(ஊராட்சி வார்டு உறுப்பினர், சிவகங்கை மாவட்டம்)

அம்மா, முதலில் அந்த கூகுள் படத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். கோடையில் எடுத்த படமாக இருந்தால் எந்தக் கண்மாயும் கருவேலங்காடாகத்தான் தெரியும். எல்லைத் தகராறில் அது உங்களுக்கும் சாட்சி ஆகாது, அவருக்கும் ஆகாது.

உங்கள் கைக்கு வர வேண்டியவை கிராம வரைபடம், 'அ' பதிவேடு (ஒவ்வொரு புல எண்ணுக்கும் வகைப்பாடும் பரப்பும் எழுதிய பதிவேடு), புலப்படம் (ஒரு புலத்தின் அளவுப் படம்). 'அ' பதிவேடும் புலப்படமும் தமிழக அரசின் நிலப் பதிவேட்டு இணையச் சேவையில் இருக்கின்றன. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் செல்போனிலேயே பார்த்துவிடலாம். ஆனால் கண்மாயின் புல எண் என்ன என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான் கிராம வரைபடம். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் இருக்கும், கேட்டுப் பாருங்கள். கண்மாய்க்கு ஒரே எண்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கரைக்கு ஒன்று, உள்வாய்க்கு இரண்டு மூன்று என்று பிரிந்து கிடக்கும். சுற்றியிருக்கும் எல்லா எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் 'அ' பதிவேட்டில் என்ன வகைப்பாடு போட்டிருக்கிறது என்று பாருங்கள். புஞ்சையா, நஞ்சையா, கண்மாய் புறம்போக்கா, ஓடையா என்பது அங்கே தெரிந்துவிடும். பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும். 0-42.50 என்று போட்டிருந்தால் அது 42.5 ஏர், ஏறக்குறைய 1 ஏக்கர் 5 சென்ட்.

அடுத்தது புலப்படம். அதைப் பார்த்ததும் பலர் பயந்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. புலத்தின் மூலைகளில் கல்லுக்கு உரிய குறி இருக்கும். ஒரு கல்லில் இருந்து இன்னொரு கல்லுக்குப் புலத்தின் குறுக்கே ஓடும் கோட்டை ஜி லைன் என்போம். அதிலிருந்து செங்குத்தாகச் சிறு சிறு கோடுகள் எல்லை வரை போகும், அவை ஆஃப்செட். ஜி லைனில் 62.4 என்றும், அந்த இடத்து ஆஃப்செட்டில் 8.6 என்றும் எழுதியிருந்தால், கல்லில் இருந்து அந்தக் கோட்டில் 62.4 மீட்டர் போய், செங்குத்தாகத் திரும்பி 8.6 மீட்டர் நடங்கள். எல்லை வளைகிற புள்ளியில் நிற்பீர்கள். டேப்பும் நாலு பேரும் இருந்தால், உத்தேசமாக எல்லை எங்கே வருகிறது என்று நீங்களே பார்த்துவிடலாம். பழைய படமாக இருந்தால் அளவு மீட்டரில் இருக்காது, லிங்க்கில் இருக்கும். 100 லிங்க் ஒரு சங்கிலி, ஒரு சங்கிலி 66 அடி. நீங்கள் அளப்பது உங்கள் தெளிவுக்கு. சட்டப்படி செல்லுபடியாவது அரசு சர்வேயர் வந்து அளந்து கல் காட்டுவதுதான். ஆனாலும், படத்தைப் படிக்கத் தெரிந்த ஊரில் சர்வே நடக்கிற விதமே வேறு. அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அவர் சொல்வது போல அது பட்டா இடமாகவே இருந்தால்? இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, அந்தப் பட்டா எப்போதிலிருந்து பட்டா. 1980களில் யுடிஆர் என்ற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது புது எண்கள் கொடுத்தார்கள். அந்த வேலையில் புறம்போக்கு பட்டாவாகவும், பட்டா புறம்போக்காகவும் மாறிப் பதிவான இடங்கள் உண்டு. 'அ' பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கு ஒரு பத்தி இருக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு யுடிஆருக்கு முந்தைய பதிவேட்டின் நகலைத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். உங்கள் மாவட்டத்தில் பெரும்பகுதி ஜமீன் கிராமங்கள். 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்து அரசு எடுத்துக்கொண்ட பிறகுதான் அவற்றில் ரயத்துவாரி முறையில், அதாவது விவசாயியே நேராக அரசுக்கு வரி கட்டும் முறையில், அளந்து செட்டில்மென்ட் செய்து யாருக்கு எந்த நிலம் என்று பதிந்தார்கள். அந்தச் செட்டில்மென்ட் பதிவேடு கிடைத்தால் விஷயம் தெளிவாகிவிடும்.

இன்னொன்று, தண்ணீர் எதுவரை நிற்கும் என்பது. இது எல்லையிலிருந்து வேறான சங்கதி. கலுங்கின், அதாவது உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறும் அமைப்பின், உச்சி மட்டம்தான் கண்மாயின் நிறைமட்டம். அந்த மட்டத்தில் லெவல் கருவியை வைத்து உள்வாய்ப் பக்கம் ஒரு கோடு ஓட்டினால், கண்மாய் நிறைந்து மறுகால் போகும் நாளில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று தெரிந்துவிடும். அந்தக் கோட்டுக்குள் பட்டா நிலம் இருந்தாலும், அங்கே மண்ணடித்து மேடாக்கினால் கண்மாயின் கொள்ளளவு குறையும். தண்ணீர் அடுத்தவர் வயலில் ஏறும். மனுவில் இதைத் தனியாக எழுதுங்கள்.

செயற்கைக்கோள் படம் உதவுவது இந்த இடத்தில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம், லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்களை வைத்து 1984 முதல் உலகத்தில் எங்கெங்கே எத்தனை காலம் தண்ணீர் நின்றது என்று ஒரு வரைபடம் போட்டு இலவசமாக வைத்திருக்கிறது. உங்கள் கண்மாயையும் அதில் பார்க்கலாம். மண்ணடிக்கிற இடத்தில் முன்பு தண்ணீர் நின்றதாக அது காட்டினால், "தண்ணியே கிடையாது" என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

மனு யாருக்கு? ஆயக்கட்டு, அதாவது கண்மாயில் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் கண்மாய் நீர்வளத் துறையுடையது. அதற்கு 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் இருக்கிறது. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துக் கண்மாய். அங்கே 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வருவாய்த் துறை நடவடிக்கை எடுக்க வேண்டும். பி-மெமோ (ஆக்கிரமிப்பைக் குறித்து வருவாய்த் துறை எழுதும் குறிப்பு) போட்டிருக்கிறார்களா என்று வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். கிராமக் கணக்குகளை ஆண்டுதோறும் சரிபார்க்கும் ஜமாபந்தி நடக்கும் நாளில் மனு கொடுத்தால் கிராமக் கணக்கும் அதிகாரிகளும் ஒரே இடத்தில் இருப்பார்கள்.

கேள்வி: எங்கள் வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்) எந்த வரைபடத்திலும் இல்லை. சர்வே ஆஃப் இந்தியா தாளிலும் இல்லை, இஸ்ரோவின் இணைய வரைபடமான புவனிலும் இல்லை. அப்படியென்றால் அது கால்வாயே இல்லை என்று சொல்லிவிடுவார்களா?
(விவசாயி, திருமங்கலம் வட்டம்)

சொல்லப் பார்ப்பார்கள், நீங்கள் விடக்கூடாது. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். உங்கள் வரத்துக்கால் 3 மீட்டர் அகலம் என்று வையுங்கள். அந்தத் தாளில் அது 0.06 மில்லிமீட்டர். பேனா முனை அதைவிடத் தடிமன். பெரிய ஓடை என்றால் கோடாகப் போடுவார்கள், சின்னக் காலை விட்டுவிடுவார்கள். செயற்கைக்கோளும் அப்படித்தான். லேண்ட்சாட் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 22 சென்ட். சென்டினல்-2 படத்தில் 10 மீட்டருக்கு 10 மீட்டர், சுமார் இரண்டரை சென்ட். மூன்று மீட்டர் கால் அந்தக் கட்டத்துக்குள்ளே கரைந்துபோகும். புவனில் கிடைக்கும் நிலப் பயன்பாட்டு வரைபடமும் 1:50,000 அளவில் செய்ததுதான்.

அதனால் புலப்படத்துக்கே போங்கள். வரத்துக்கால் அதில் மூன்று விதமாக இருக்கலாம். தனிப் புல எண்ணோடு வாய்க்கால் புறம்போக்காக இருந்தால் கவலை இல்லை. உட்பிரிவாக இருந்தாலும் சரி. பட்டா நிலத்துக்குள்ளே வெறும் கோடாக, பரப்புக் கணக்கில் தனியாகப் பிரிக்காமல் போட்டிருந்தால்தான் தகராறு வரும். அப்போதும் அந்தக் கோடு அரசாங்கப் படத்தில் இருக்கிறது என்பதே பெரிய ஆதாரம். மூன்றும் இல்லை என்றால், ஊர்ப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு தலைமடையிலிருந்து கண்மாய் வரை நடந்து, எந்தெந்தப் புல எண்ணை வெட்டிப் போகிறது என்று வரிசையாக எழுதுங்கள். மடை, பாலம், குத்துக்கல் இருக்குமிடத்தைப் போட்டோ எடுங்கள். மழை பெய்து தண்ணீர் ஓடும்போதே நடந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: செல்போனில் இருப்பிடத்தைக் குறித்தால் அது எல்லைக் கல்லுக்குப் போதுமா?
(வாசகர், கரூர்)

போதாது. திறந்த வெளியில்கூடச் செல்போன் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் அளவுக்குத் தள்ளிக் காட்டும், மரத்தடியில் இன்னும் அதிகம். மேலும் நம் புலப்படங்கள் அட்சரேகை, தீர்க்கரேகையோடு பிறந்தவை அல்ல. கல்லுக்குக் கல் அளந்து தனித்தனியாக வரைந்தவற்றைப் பிற்பாடு பூமியின் மேல் பொருத்துகிறார்கள். இணையத்தில் உங்கள் புலத்தின் கோடு பக்கத்து வீட்டு மாடியில் ஏறி நின்றால் பதற வேண்டாம். ஊருணி, சுனை, மயானம், பழைய கிணறு இவை எங்கே இருக்கின்றன என்று குறிக்க செல்போன் போதும். வரப்புச் சண்டைக்கு அதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க விஷயத்தில் வரைபடம் என்ன வேலை செய்தது? பல்லுயிர் மரபுத் தலத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுரங்கம் தோண்டினால் என்ன என்று சிலர் இன்னமும் கேட்கிறார்கள்.
(கல்லூரி ஆசிரியை, மதுரை)

நல்ல கேள்வி. எனக்கு மனசுக்கு நெருக்கமான ஊரும்கூட. 2022 நவம்பரில் மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் சேர்ந்து 193.215 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள். ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், சமணர் படுகை, தமிழிக் கல்வெட்டு என்று அங்கே எதைச் சொல்ல, எதை விட. இரண்டு வருடம் கழித்து, 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலம் முடிந்த செய்தி வந்தது. பரப்பு 2,015.51 ஹெக்டேர்.

ஏலத்துக்கு வரும் கனிமத் தொகுதிக்கு மூலைப் புள்ளிகளின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆவணத்தில் இருக்கும். அந்த எண்களை எடுத்துக் கணினியில் புள்ளிகளாகப் போட்டு இணைத்தால் தொகுதியின் உருவம் வந்துவிடும். அதன் கீழே கிராம எல்லைகளைப் போட்டுப் பாருங்கள். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். 'டங்ஸ்டன் தொகுதி' என்று வெறும் பெயராக இருக்கும்வரை அது ஏதோ தூரத்துச் செய்தி. 'நம் கண்மாயும் நம் மலையும் கோட்டுக்கு உள்ளே இருக்கின்றன' என்று தெரிந்தால்தான் ஊர் எழுந்து நிற்கும். மேலூர் வட்டாரமே எழுந்தது. டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றம் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. மரபுத் தலத்தைத் தவிர்த்துத் தொகுதியின் எல்லையை மாற்றிப் பார்க்கலாமா என்று அந்த மாதக் கடைசியில் ஒன்றிய அரசு யோசித்தது. 2025 ஜனவரி 23 அன்று ஏலமே ரத்தானது.

நீங்கள் கேட்பது அந்த இடைப்பட்ட யோசனையைப் பற்றி. 193 ஹெக்டேர் என்பது தொகுதியில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அதை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டால் போதும் என்பது தாளில் சுலபம். ஆனால் அறிவிப்பில் உள்ள எல்லை ஒரு நிர்வாக எல்லை, தண்ணீரின் எல்லை அல்ல. புவனில் கார்ட்டோசாட் செயற்கைக்கோளின் உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதை வைத்து மலைச்சரிவில் விழும் மழை எந்தத் திசையில் இறங்குகிறது என்று கோடு போடலாம். மழை விழும் இடம் கோட்டுக்கு ஒரு பக்கமும், அது சேரும் கண்மாய் மறுபக்கமும் இருந்தால், கண்மாயை மட்டும் காப்பாற்றினோம் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. ஒரு சுனையைக் காப்பது என்றால் அந்தச் சுனைக்குத் தண்ணீர் தருகிற பாறையையும் சரிவையும் சேர்த்துக் காப்பதுதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இந்த உயரத் தரவு எங்கும் இப்படி உதவும் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டம் 30 மீட்டர், உயரத்தில் சில மீட்டர் பிழை சாதாரணம். மலையும் சரிவும் உள்ள மேலூருக்குச் சரி. நாகப்பட்டினம் மாதிரிச் சமதரையில், ஒரு கிலோமீட்டருக்கு ஒரு முழம்கூட இறங்காத வயலில், அதை வைத்து வடிகால் போட்டால் தண்ணீர் எதிர்த்திசையில் போகும். அங்கே லெவல் கருவிதான் பேச வேண்டும்.

கேள்வி: எங்கள் ஏரியை ஈரநிலப் பட்டியலில் சேர்த்துவிட்டால் பாதுகாப்பு கிடைத்துவிடும்தானே?
(இயற்கை ஆர்வலர், திருவண்ணாமலை)

அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளின் வரையறையிலேயே பாசனத்துக்கென்று கட்டிய நீர்நிலைகளையும், குடிநீருக்கென்று வெட்டிய குளங்களையும் விலக்கி வைத்திருக்கிறார்கள். நம் ஏரிகளில் பெரும்பாலானவை பாசன ஏரிகள். மனிதர் வெட்டியது என்பதால் பறவைக்கும் மீனுக்கும் அது ஈரநிலம் இல்லாமல் போய்விடுமா? ராமநாதபுரம் மாவட்டத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் கண்மாய்கள்தாம். பறவைகளால் சரணாலயமாகி 2022ல் ராம்சர் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. விதியில் இருக்கும் இந்த விலக்கு தவறு என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பு 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவற்றைத்தான் உருவத்தோடு வரைந்தது. 1:50,000 தாளில் அது மூன்றுக்கு மூன்று மில்லிமீட்டர் சதுரம். அதற்குக் குறைந்தவை வெறும் புள்ளி. உங்கள் ஊர் ஊருணியும் குட்டையும் புள்ளியாகத்தான் இருக்கும். அவற்றுக்கு உருவம் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள். ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு எழுதும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் புல எண்ணோடு சேருங்கள்.

கேள்வி: பி.எஸ்சி. புவியியல் படிக்கிறேன். இந்த வேலைக்கு என்ன மென்பொருள் கற்றுக்கொள்ளலாம், அண்ணா?
(மாணவர், திருச்சி)

தம்பி, க்யூஜிஐஎஸ். இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். அதோடு யாரும் வரையக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் உன் ஊரை வரையப் பழகு. 2021 பிப்ரவரியில் வந்த புதிய வழிகாட்டு நெறிகளுக்குப் பிறகு இந்தியர்கள் வரைபடத் தரவைச் சேகரிக்கவும் பகிரவும் முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எங்கள் காலத்தில் கடலோரத் தாள்கள் கட்டுப்பாட்டு முத்திரையோடு பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். உங்களுக்கு வாசல் திறந்திருக்கிறது. ஆனால் ஒரு வேண்டுகோள்: மென்பொருள் கற்கிற அதே மாதத்தில் ஒரு சர்வேயரோடு போய்க் கல் தேடிப் பழகு.

கேள்வி: பறவைகள் கூடு கட்டும் பாறை, அரிய மூலிகை இருக்கும் இடம் எல்லாவற்றையும் வரைபடத்தில் ஏற்றலாமா?
(வாசகி, தேனி)

கூடாதம்மா. வல்லூறு கூடு, அரிய மூலிகை, சந்தன மரம், இவற்றின் சரியான புள்ளியைப் பொதுவில் போட்டால் பறிக்கிறவனுக்கும் பிடிக்கிறவனுக்கும் வழிகாட்டியதாகிவிடும். 'இந்தக் கிராமத்து மலையில் உண்டு' என்ற அளவோடு நிறுத்துங்கள். புள்ளியை வனத்துறையிடமும் பல்லுயிர்க் குழுவிடமும் மட்டும் கொடுங்கள்.

கேள்வி: எல்லா நில விவரமும் இணையத்தில் வந்ததால் புரோக்கர்களுக்குத்தான் லாபம். ஏழை விவசாயிக்கு என்ன பயன்?
(வாசகர், செங்கல்பட்டு)

உங்கள் கோபம் நியாயமானது. நாலுவழிச் சாலை எங்கே வருகிறது, மாஸ்டர் பிளானில் எந்தப் புலம் குடியிருப்புப் பகுதியாக மாறுகிறது என்று அவர்களுக்கு முதலில் தெரிந்துவிடுகிறது. ஆனால் படம் பூட்டிக் கிடந்த காலத்திலும் அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரியாமல் இருந்தவர்கள் நாம் மட்டும். ஆகவே மறுபடி பூட்டச் சொல்வதில் நமக்கு நன்மை இல்லை.

செய்ய வேண்டியது என்னவென்றால், மாஸ்டர் பிளான் வரைவு வெளியாகி ஆட்சேபம் கேட்கும் காலத்திலேயே ஊர் அதைப் பார்த்துவிட வேண்டும். வண்ணம் பூசிய அந்தப் பெரிய தாளில் உங்கள் ஏரியின் புல எண்கள் நீர்நிலையாகக் காட்டப்பட்டிருக்கின்றனவா, மேய்ச்சல் புறம்போக்குக்கு என்ன வண்ணம் கொடுத்திருக்கிறார்கள், வரத்துக்கால் போகும் பாதையில் குடியிருப்பு மஞ்சள் விழுந்திருக்கிறதா என்று எண் எண்ணாக ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் காலக்கெடுவுக்குள் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒப்புதல் ஆன பிறகு அதை மாற்றப் படாத பாடு பட வேண்டும்.

கிராம சபையிலும் அப்படியே. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு கூட்டம் இருக்கிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், நீர்நிலைத் தீர்மானத்துக்கு ஏற்ற நாள். 'ஊர் நீர்நிலைகளைப் பாதுகாக்கத் தீர்மானிக்கப்பட்டது' என்று பொதுவாக எழுதினால் அதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் செய்ய முடியாது. இன்ன புல எண், இன்ன உட்பிரிவு, 'அ' பதிவேட்டின்படி இன்ன வகைப்பாடு, பரப்பு இவ்வளவு, இதில் இன்ன பக்கம் ஆக்கிரமிப்பு, அளந்து கல் நட வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதி முடித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நகலை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.